குடிக்கத் தண்ணி எங்கே எடுப்பது? யாழ்ப்பாணத்து வீட்டுக்கு முன்னிருக்கும் வழிகள்

"வீடு கட்டுறம், தண்ணிக்கு என்ன செய்யிறது?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு, ஊரில் தனியே இருக்கும் அம்மாவுக்குத் தண்ணி மெசின் வாங்கிப் பூட்டலாமா என்று கேட்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஆஸ்பத்திரியால் கைக்குழந்தையோடு வந்து, பால்மா கரைக்க எந்தத் தண்ணி என்று தடுமாறும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வீடு உரும்பிராய்ப் பக்கம். கிணறு அப்பாவின் அப்பா வெட்டியது. துலாவில் இறைத்த காலம் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. "எங்கட கிணத்துத் தண்ணி இளநீர்" என்று சொல்லி, வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா செம்பில் அள்ளிக் கொடுப்பார். தங்கை பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றபோது அந்தத் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போத்தல் வெறுமையா நிறைந்ததா என்று தெரியாது, அப்படித் தெளிவு. வாடை இல்லை, சவர் இல்லை. முடிவு வந்தது: நைத்திரேற்று வரம்புக்கு மேலே. அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொதிக்க வைச்சால் போயிடும்தானே?" என்று கேட்டார்.

போகாது. அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் இதைத் தேடத் தொடங்கினேன்.

## தண்ணீர் இருக்கும் இடம்

நிலத்துக்குக் கீழே ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சொல்வது பிடிபடாது.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கை ஆறும் மாரியில் மட்டும்தான் ஓடும். வருடத்துக்குச் சராசரியாக 1,200 – 1,300 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை மண்ணால் இறங்கி, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் போய்த் தங்குகிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று நான்கு இடங்களில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கங்கள். எங்கள் கிணறுகள் எல்லாம் இவற்றுக்குள் விட்ட துளைகள்தான்.

இந்த நன்னீர் அடியில் கல்லில் போய் நிற்கவில்லை, உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் அதைத் தாங்கக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தின் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது. கேட்க நல்ல செய்தி போல இருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி ஏறப் பார்க்கும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரை இருக்கிறது. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். கீரிமலையில் கடலுக்கு ஒட்டி நன்னீர் ஊற்றெடுப்பதும் இதே கல்லின் வேலைதான். கல்லுக்குள் வழிகள் ஓடுகின்றன. மணல் வடித்துக் கொடுப்பதுபோல அந்த வழிகள் எதையும் வடித்துக் கொடுப்பதில்லை. ஓர் இடத்தில் விழுந்தது எங்கேயோ ஒரு கிணற்றில் மெதுவாகவும் வரும், கெதியாகவும் வரும்.

கீழே உப்பு, மேலே நாங்கள் நிலத்தில் விடும் கழிவு. நடுவில் இருப்பதைத்தான் குடிக்கிறோம்.

## எதை வைத்து நிறுப்பது

ருசியை முதலில் ஒதுக்கி வையுங்கள். எங்கள் நாக்கு உப்பைப் பிடிக்கும், நைத்திரேற்றைப் பிடிக்காது.

நான் முதலாவதாகப் பார்ப்பது நைத்திரேற்றைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம், இலங்கைத் தரநியமமும் அதுவே. பரிசோதனைத் தாளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று என்று எழுதும், சில அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதும். இரண்டாவது முறையில் வரம்பு ஏறக்குறைய 11தான். 20 என்று கண்டு "50க்குள் இருக்கு" என்று நிம்மதியாக இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் இது பெரிய ஆபத்து. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குப் போடும் யூரியாவும் எருவும், எங்கள் மலசலகூடக் குழிகளும்தான் இது வரும் வழி. வலிகாமத்துக் கிணறுகளில் இது வரம்பைத் தாண்டுவதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் சொல்லி வருகின்றன.

அடுத்தது கிருமி: வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி. அதன்பிறகு உப்பு. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். வன்மையைப் பற்றி எங்கள் ஊரில் இருக்கிற பயம் அளவுக்கு மிஞ்சியது. கேத்திலின் அடியில் சீமெந்து பூசினமாதிரிப் படியும் வெள்ளை, சுண்ணாம்புக் கல் எங்களுக்குத் தந்த கல்சியம். இலங்கைத் தரநியமத்தில் வன்மைக்கு 250 என்று ஒரு வரம்பு உண்டு, ஆனாலும் உடல்நலத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. சவர்க்காரம் நுரைக்காது, கேத்தில் கெதியாகப் பழுதாகும். அதற்காக மட்டும் மெசின் வாங்க ஓடத் தேவையில்லை.

இவற்றோடு இன்னும் மூன்று கேள்விகள். ஆவணி மாதத்துக் கோடையில் அந்தத் தண்ணீர் நிற்குமா? பராமரிப்பை யார் செய்வது? நான் எடுப்பதால் அயலவரின் கிணற்றுக்கு என்ன நடக்கும்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்த மண்ணில் அதைக் கேட்காமல் விடக்கூடாது.

எந்தச் சுத்திகரிப்பு எதை நீக்கும் என்பதில் நிறையக் குழப்பம் இருப்பதால் இதை ஒரு பட்டியலாகத் தருகிறேன்:

| முறை | கிருமி | நைத்திரேற்று | உப்பு | வன்மை |
|---|---|---|---|---|
| கொதிக்க வைத்தல் | அழியும் | போகாது, தண்ணீர் வற்ற இன்னும் செறியும் | போகாது | ஒரு பகுதி படியும் |
| குளோரீன் | பெரும்பாலும் அழியும் | போகாது | போகாது | போகாது |
| மெழுகுதிரி வடிவ வெண்களி வடி | பெருமளவு குறையும் | போகாது | போகாது | போகாது |
| கரி வடி | நம்ப முடியாது | போகாது | போகாது | போகாது, வாடை மட்டும் குறையும் |
| ஆர்.ஓ. (நுண்சவ்வால் தள்ளி வடிக்கும் மெசின்) | நல்ல நிலையில் இருந்தால் நீங்கும் | பெரும்பங்கு நீங்கும் | பெரும்பங்கு நீங்கும் | பெரும்பங்கு நீங்கும் |

## வளவுக் கிணறு

செலவு ஏற்கெனவே செய்தாயிற்று. பம் போட்டால் தண்ணீர். கரண்ட் இல்லாவிட்டால் வாளியும் கயிறும். வேறு எந்த வழிக்கும் இந்தச் சுதந்திரம் இல்லை. கிணற்றைக் கைவிடச் சொல்ல எனக்கு வாய் வராது, அப்படிச் சொல்லவும் மாட்டேன்.

குடிக்கலாமா என்பதுதான் கேள்வி, அது பெரும்பாலும் காணியின் அளவில் தங்கியிருக்கிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று சொல்வார்கள். இன்று திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் விற்கும் காணி இரண்டு பரப்பு. அதாவது 20 பேர்ச், சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 74 அடி. வீட்டை நடுவில் வைத்து, கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்து நீங்கள் 50 அடியைக் காப்பாற்றிவிடலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் அயலவரும் தன் கிணற்றிலிருந்து தன் குழியைத் தள்ளி வைத்திருப்பார். தள்ளித் தள்ளி அது வந்து நிற்கிற இடம் உங்கள் கிணற்றிலிருந்து பத்தடி. கீழே இருப்பது வெடித்த கல்லாக இருக்கும்போது 50 அடியும் உறுதி தராது. நல்ல சீமெந்துத் தொட்டி கட்டினால் கிருமி குறையும், நைத்திரேற்று அதையும் தாண்டி நிலத்துக்குள் போகும்.

எண்ணெய்க் கதையும் மறக்கக் கூடியதல்ல. சுன்னாகத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மின்னுற்பத்திக் கழிவெண்ணெய் கலந்து கிணறுகள் பாழான வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. ஓர் இடத்தில் நிலத்தில் ஊறியது எத்தனை வீட்டு வாளியில் வந்தது என்பதை அந்த ஊரவர்கள் நேரில் பார்த்தவர்கள்.

கிணற்றின் மறைந்த செலவு பரிசோதனை. ஒருமுறை செய்துவிட்டு வருடக்கணக்கில் நம்பியிருக்க முடியாது. மாரி மழை தோட்டத்து உரத்தைக் கழுவி இறக்கிய பிறகு, மார்கழி தையில் ஒருமுறை, கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும்போது ஆவணியில் ஒருமுறை பார்க்க வேண்டும். முன்னதில் நைத்திரேற்றும் கிருமியும் தெரியும், பின்னதில் உப்பு தெரியும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். போத்தலை எப்படிப் பிடிப்பது என்று முதலே கேட்டுக்கொண்டு போங்கள், கிருமிப் பரிசோதனைக்குக் கண்ட போத்தலில் கொண்டுபோக முடியாது.

வெள்ளம் வந்தால் கதை வேறு. 2024 கார்த்திகை வெள்ளத்தில் கட்டுக்கு மேலால் தண்ணீர் கிணற்றுக்குள் பாய்ந்ததைப் பார்த்தோம், அதன் பின்னே எலிக்காய்ச்சலும் வந்தது. வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கூப்பிட்டுக் குளோரீன் போடுவித்து, அதுவரை கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். கடற்கரைக் கிணறுகளுக்கு 2004 சுனாமி ஒரு பாடம் தந்தது: உப்பேறிய கிணற்றைச் சுத்தமாக்குகிறோம் என்று பம் பூட்டி விடாமல் இறைத்தால் அடியிலிருந்து இன்னும் உப்புத்தான் ஏறும்.

கிணறு எங்கே நல்ல தெரிவு? காணி பெரிது, தோட்டம் தள்ளி, அயலில் குழிகள் நெருங்கவில்லை, இரண்டு பருவத்துப் பரிசோதனையிலும் நைத்திரேற்று வரம்புக்கு நன்றாகக் கீழே. அப்படியானால் கட்டை உயர்த்தி, சுற்றிவரச் சீமெந்துத் தளம் போட்டு, கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். அதைவிட நல்ல தண்ணீர் காசுக்கும் கிடைக்காது.

## ஆழத் துளை

"கிணத்துக்குள்ள போர் அடிச்சால் கோடையிலயும் வத்தாது" என்பார்கள். வற்றாதுதான். மேலே சொன்ன 1-க்கு 40 கணக்கை நினைத்துப் பாருங்கள். நன்னீர்த் தட்டின் அடிப்பக்கத்துக்குக் குழாயை இறக்கி இழுப்பது, உப்பை மேலே கூப்பிடுவது. முதல் இரண்டு கோடை நல்ல தண்ணீர் வரும், பிறகு தேத்தண்ணி கரிக்கத் தொடங்கும். ஏறிய உப்பு, துளையை அடைத்தாலும் உடனே இறங்காது, பக்கத்து நாலு கிணற்றுக்கும் சேர்த்துத்தான் ஏறியிருக்கும். வன்னியில் கல் வேறு, அங்கே குழாய்க் கிணற்றுக்கு நியாயம் உண்டு. குடாநாட்டில் ஒரு வீட்டுத் தேவைக்காக இதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

## ஆர்.ஓ. தண்ணி: கானும் மெசினும்

சந்திக்குச் சந்தி கான் நிரப்பும் கடை வந்துவிட்டது. பலருக்கு இப்போது குடிதண்ணீர் என்றாலே அதுதான். நைத்திரேற்று கூடிய இடத்தில் இது உண்மையாகவே வேலை செய்யும், பட்டியலில் அதைப் பார்த்தீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நாளைக்கே ஒரு வழி வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் வைத்தால் நாளுக்கு 25 லீற்றர். 19 லீற்றர்க் கான் ஒரு நாளுக்கே போதாது. அதனால் குடிக்கக் கான், சோற்றுக்கும் கறிக்கும் கிணறு என்று பிரித்துக்கொள்கிறோம். வற்றவைக்கும் கறியில் நைத்திரேற்று செறியும் என்பது அப்போது மறந்துபோகும். வயது போனவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் 19 கிலோ கானை யார் தூக்கி வைப்பது என்பதும் ஒரு செலவுதான். கானை வாங்கும்போது சுகாதார அமைச்சின் பதிவு இலக்கமும் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநியம) இலச்சினையும் இருக்கிறதா என்று பாருங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்த கானை வாங்காதீர்கள், உள்ளே பச்சை பிடிக்கும்.

வீட்டு மெசின் விற்க வருபவர்கள் ஒரு வேலை காட்டுவார்கள். இரண்டு கிளாசில் தண்ணீர், உங்கள் கிணற்றுடையது ஒன்று, அவருடையது ஒன்று. கம்பி பூட்டிய சின்னக் கருவியை இரண்டுக்குள்ளும் விட்டு மின் கொடுப்பார். உங்கள் தண்ணீர் சாக்கடை நிறமாகும், அவருடையது அப்படியே இருக்கும். அந்த நிறம் உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. கல்சியம் உள்ள தண்ணீர் மின்னைக் கடத்தும், உப்பு நீக்கிய தண்ணீர் கடத்தாது, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து ஓடர் கொடுத்தவர்கள் என் ஒழுங்கையிலேயே மூன்று வீடு.

அவர் கையில் இருக்கும் டி.டி.எஸ். பேனாவும் கிணற்று நைத்திரேற்றைக் காட்டாது, கரைந்த எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண் தரும். மெசின் பூட்டிய பிறகு அதே பேனா மிகவும் பயன்படும்: உள்ளே போகும் எண்ணையும் வெளியே வரும் எண்ணையும் மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். வெளியே வரும் எண் ஏறத் தொடங்கினால் சவ்வு முடிந்துவிட்டது. அதன் பிறகும் தண்ணீர் தெளிவாகவே வரும், ருசி மாறாது, நைத்திரேற்று மட்டும் திரும்ப வந்துவிடும். எங்கள் வன்தண்ணீரில் சவ்வு கெதியாக அடைபடும். சவ்வின் விலையையும், மாற்ற வரும் ஆளின் விலையையும் கேட்டுவிட்டு மெசினின் விலையைக் கேளுங்கள்.

பெரிய மறைந்த செலவு நிலத்துக்கு. வீட்டு மெசின் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தர இரண்டு, மூன்று லீற்றரைக் கழிவாக வெளியே விடும். அந்தக் கழிவில் உப்பும் நைத்திரேற்றும் செறிந்திருக்கும். கடைக்காரரும் ஏதோ ஒரு கிணற்றிலிருந்துதான் இறைக்கிறார், கழிவை ஏதோ ஒரு குழியில்தான் விடுகிறார். நாங்கள் காசு கொடுத்து வாங்குவது எங்கள் சொந்த நிலத்தடி நீர்.

## மழைநீர்த் தாங்கி

இதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். "மழைத்தண்ணியோ? காகம் எச்சம் போட்ட கூரையாலயோ?" முறையாகச் செய்யாவிட்டால் அவர்கள் சொல்வது சரி. முறையாகச் செய்தால், எனக்குத் தெரிந்தவரை யாழ்ப்பாணத்து வீட்டுக் குடிதண்ணீருக்கு இதைப்போல் பொருந்துவது வேறு இல்லை. எங்கள் வீட்டில் தங்கையின் பிள்ளை வளர்ந்தது இந்தத் தண்ணீரில்தான்.

காரணம் எளிது. மழைநீரில் நைத்திரேற்று ஆபத்தான அளவில் இல்லை, உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை. தேத்தண்ணியின் நிறமே வேறாக வரும். மிஞ்சுவது கிருமி ஒன்றுதான். அதற்குக் கொதிக்க வைத்தால் போதும். கிணற்றில் கொதிக்க வைத்துப் பயனில்லாத பிரச்சினை இருக்கிறது, மழைநீரில் கொதிக்க வைத்தால் தீர்கிற பிரச்சினை மட்டும் இருக்கிறது.

"கோடை முழுக்கக் காணுமா?" என்பது அடுத்த கேள்வி. மாசி முதல் புரட்டாதி வரை ஏறக்குறைய 240 நாள் மழையை நம்ப முடியாது, சித்திரையில் வரும் இரண்டொரு மழை அதிர்ஷ்டம். நாளுக்கு 25 லீற்றர் என்றால் 6,000 லீற்றர் வேண்டும். குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லீற்றர் வைத்தால் 3,600 போதும். இனி கூரையைப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 93 லீற்றர். கார்த்திகையில் ஒரு நாள் அடைமழை 75 மில்லிமீற்றர் பெய்தால், தெறித்ததும் வழிந்ததும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 5,500 லீற்றருக்கு மேல் வரும். எட்டு மாதத்துத் தண்ணீரை இரண்டு நாள் மழை நிரப்பிவிடும். மிச்ச மழையெல்லாம் தாங்கியின் மேல்வாயால் வழிந்து போவதைப் பார்க்க மனம் பொறுக்காது. அதைக் கிணற்றடியில் ஒரு கல் நிரப்பிய குழிக்குள் விட்டேன், நிலத்துக்குள் இறங்கட்டும் என்று.

கவனிக்க வேண்டியவை சில, அவற்றில் ஒன்றைக்கூட விட முடியாது. கோடை முடிந்து வரும் முதல் ஒன்றிரண்டு மழையை முழுதாக வெளியே விட வேண்டும், அது கூரையைக் கழுவும் மழை. அதன்பிறகும் ஒவ்வொரு மழையின் தொடக்கத் தண்ணீரும் தாங்கிக்குப் போகாமல் தனிக் குழாயில் பிடிபட்டு வெளியேற வேண்டும். 1,000 சதுர அடிக்கு 50 முதல் 90 லீற்றர் கணக்கு. எங்கள் வீட்டில் நாலு அங்குலக் குழாயைப் பீலியிலிருந்து நேரே நிலம்வரை இறக்கி, அடியில் மூடி போட்டிருந்தோம். முதல் வருடம் குழாய் கட்டையாக இருந்தது. தாங்கியின் அடியில் விரல் தடிப்புக்கு வண்டல் படிந்தது. இரண்டாவது வருடம் ஒரு பழைய பரலை அந்தக் குழாயோடு பொருத்திய பிறகு வண்டல் நின்றது.

தாங்கிக்கு வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி. ஒவ்வொரு வாய்க்கும் நுளம்பு புகாத வலை வேண்டும், ஒன்று கிழிந்தாலும் டெங்குக்கு நீங்களே தொட்டில் கட்டிக் கொடுத்ததாகும். வேப்பமரக் கொப்பு கூரைக்கு மேலே நின்றால் வெட்டுங்கள். பீலியை ஐப்பசிக்கு முன் கூட்டுங்கள். பழைய மை பூசிய கூரை, வெடித்து உதிரும் சீற் என்றால் கூரையை மாற்றாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

மறைந்த செலவு, முதலில் ஒரேயடியாகக் கைவிடும் காசு. சீமெந்துத் தாங்கியோ பிளாஸ்ரிக் தாங்கியோ, 5,000 லீற்றருக்கு மேல் போகும்போது தொகை கனக்கும். அதற்கு வளவில் இடமும் வேண்டும். ஆனால் அந்தத் தொகையைப் பத்து வருடக் கான் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கான் கணக்கை ஒரு மாதம் எழுதி, 120ஆல் பெருக்கினால் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் இது ஒத்துவராது. மாரியில் ஊரில் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான், முதல் மழையை வெளியே விட ஓர் ஆள் வேண்டும்.

## குழாய்த் தண்ணி

முதலில் இரணைமடுவிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதாக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், வயலுக்கே போதாத குளத்தை வைத்து விவசாயம் செய்கிறவர்களின் எதிர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு கடல்நீரை நன்னீராக்கும் திட்டமாக மாறி, வடமராட்சி கிழக்கில் தாழையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடி 40 இலட்சம் லீற்றர், தரக்கூடிய நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

நைத்திரேற்றுக் கவலை இல்லை. குளோரீன் போட்டு வருவதால் கிருமிக் கவலையும் குறைவு. கோடையில் வற்றாது. எல்லாவற்றிலும் பெரிது, நிலத்துக்குக் கீழே இருக்கும் அந்த மெல்லிய நன்னீரை இது தொடுவதில்லை. இணைப்பு உங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் எடுங்கள். "கிணறு இருக்கத்தானே" என்று விடாதீர்கள்.

குளோரீன் வாடை பலருக்குப் பிடிக்காது. மண்பானையில் ஊற்றி, துணி மூடி இரவு வைத்தால் காலையில் பெரும்பாலும் போய்விடும். உண்மையான அக்கறை உங்கள் சொந்தத் தாங்கி பற்றியது: சபை சுத்தமாகத் தரும் தண்ணீர், வருடக்கணக்கில் கழுவாத மேல்தாங்கியில் ஏறி இறங்கினால் வேறு தண்ணீராகிவிடும். குசினிக்கு ஒரு பைப்பை நேரடி இணைப்பில் வையுங்கள்.

மறைந்த செலவுகள் இரண்டு. கடல்நீரை நன்னீராக்கக் கனமீற்றருக்கு 3 – 4 அலகு மின்சாரம் போகும். மின்விலை ஏறினால் அந்தச் சுமை எங்கேயாவது வந்து சேரும். மற்றது நாங்கள் செய்யும் பிழை. குழாய் வந்ததும் கிணற்றைக் குப்பைக் குழியாக்குகிறோம். மூடிய கிணற்றுக்குள் வாழைத்தண்டும் பழைய பற்றரியும் கிடப்பதை நல்லூர்ப் பக்கம் ஒரு வளவில் பார்த்து நெஞ்சு பதறியது. அந்தக் கிணறு அடுத்த வீட்டாரின் கிணற்றோடு கல்லுக்குள்ளால் பேசிக்கொண்டிருக்கிறது.

## தீவகமும் பவுசரும்

ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பக்கம் நன்னீர்த் தட்டே மெல்லியது. வேலணையில் சாட்டி போன்ற சில இடங்களில்தான் நல்ல தண்ணீர், அதை நம்பி எத்தனையோ ஊர்கள். அங்கே பவுசரை, அதாவது தண்ணீர் கொண்டுவரும் லொறியை, தெரிவு என்று சொல்ல முடியாது, வேறு வழி இல்லாததால் வருவது. பவுசர் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள், பிடிக்கும் பரலை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். தீவகத்தில் கூரை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மழைத்தாங்கி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பவுசர் வராத நாளில் அதுதான் நிற்கும்.

## உங்கள் வீட்டுக்கு எது

தோட்டக் காணிகளுக்கு நடுவே, கோப்பாய், உரும்பிராய், இணுவில், ஏழாலைப் பக்கம் சொந்த வீடு: குடிக்கவும் சமைக்கவும் 6,000 லீற்றர் மழைத்தாங்கி, மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. குழாய் வந்தால் தாங்கியைச் சமையலுக்கும் கரண்ட் நின்ற நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் இரண்டு பரப்புக்கு உட்பட்ட காணி: குழாய் இணைப்பு. அது வரும்வரை பதிவுள்ள கான். கிணற்றைப் பரிசோதிக்காமல் குடிக்கவே வேண்டாம்.

தனியே இருக்கும் அம்மா அப்பா: மெசின் வேண்டாம். சவ்வை மாற்றவும் பேனாவை வைத்து எண் எழுதவும் ஆள் இல்லாத வீட்டில் அது வருடத்துக்குள் வெறும் அலங்காரம். குழாய் இருந்தால் குழாய், இல்லாவிட்டால் அயலில் ஒரு பெடியன் வாரம் இரண்டு கானை மேசையில் ஏற்றி வைத்துப் போக ஒழுங்கு செய்யுங்கள். அடியில் திறக்கும் பைப் உள்ள கானாகப் பாருங்கள், சரித்து ஊற்ற அவர்களால் ஏலாது.

பெரிய வளவு, நல்ல பரிசோதனை முடிவு: உங்கள் கிணற்றையே குடியுங்கள். தோட்டத்துக்கு உரம் போடுகிறவராக இருந்தால் மழைக்கு முந்தின நாள் யூரியா போடாதீர்கள். பயிருக்கும் அது சேராது.

கைக்குழந்தை உள்ள வீடு: பரிசோதனைத் தாள் கைக்கு வரும்வரை கிணற்றுத் தண்ணீரில், கொதிக்க வைத்ததாக இருந்தாலும், பால்மா கரைக்க வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடிந்தால் இந்தக் கேள்வியே இல்லை. முடியாவிட்டால் குழாய்த் தண்ணீரோ பதிவுள்ள கானோ நன்றாக முறைப்படி வைத்த மழைநீரோ, மூன்றில் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆற்றிப் பாவியுங்கள். மாமியார் "நாங்கள் எல்லாம் இதைக் குடிச்சுத்தானே வளந்தம்" என்பார். அவர் வளர்ந்தபோது சுற்றிவர இத்தனை மலக்குழியும் இத்தனை யூரியாவும் இல்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். இப்போது செம்பைத் தூக்கிக்கொண்டு தாங்கியடிக்குப் போகிறார், கால் கழுவ மட்டும் கிணற்றடி.